மெடிக்கல் சீட்டில் ஒரு துண்டு

டை

மாரியப்பன் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன டையை எடுத்து என் மேஜையில் விரித்தார். பச்சையில் மஞ்சள் கோடு. கழுத்தில் மாட்டுகிற எலாஸ்டிக் தொய்ந்து போயிருந்தது. சங்கரன்கோவிலில் வக்கீல் தொழில் என்றால் வரப்புத் தகராறு, பஸ் விபத்து, ஜீவனாம்சம். என் மேஜையில் இதுவரை யாரும் டையை விரித்ததில்லை.

மாரியப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் கோமதி அரசுப் பள்ளியில் படித்து, நீட் எழுதி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் ஒரு மருத்துவ இடத்தை எட்டிப் பிடித்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் மட்டுமே படித்திருக்க வேண்டும் என்பது விதி. கோமதி ஆறாம் வகுப்பின் முதல் சில வாரங்கள் ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருக்கிறாள். கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் மாரியப்பன் அவளைக் கூட்டிவந்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். சேர்க்கைக் குழு அந்தச் சில வாரங்களை ஆழ்ந்து பரிசீலித்து, இவள் வசதியில் வளர்ந்த பிள்ளை என்று கண்டுபிடித்து, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. வீட்டில் ஒரு பிளஸ் டூ பிள்ளையை வைத்திருக்கும் நீங்கள் இதை நம்புவீர்கள். மற்றவர்களுக்குச் சத்தியம் செய்துதான் சொல்ல வேண்டும்.

டை கட்டிப் பள்ளிக்குப் போனது உண்மையா என்று கோமதியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"கட்டல சார். அது ரப்பர் டை. மாட்டுனாப் போதும்."

ஃபிளெக்ஸ்

ஆறாம் வகுப்பில் யார் டை மாட்டினார்கள் என்பது சென்னையில் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அந்தத் தனியார் பள்ளியே சொல்லிற்று. தரவரிசை வெளிவந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கோமதியின் படம், கழுத்தில் கம்ப்யூட்டரில் மாட்டிய ஸ்டெதஸ்கோப், கீழே 'எங்கள் மாணவி, வருங்கால மருத்துவர்'. யாரோ அதைப் போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பொதுநலத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு நம் ஊரில் என்றைக்குமே குறைவில்லை.

தாளாளரைப் பார்த்து, 'இந்த மாணவி எங்களிடம் சில வாரங்களே படித்தார், நாங்கள் அவருக்கு எதுவும் கற்பிக்கவில்லை' என்று ஒரு கடிதம் கேட்டேன். காபி வரவழைத்துக் கொடுத்து, அன்பாக மறுத்தார். அட்மிஷன் நேரமாம். ஃபிளெக்ஸில் 'எங்கள் மாணவி' என்று போட்டிருக்கிறீர்களே, அதுவாவது நியாயமா என்றேன்.

"விளம்பரம்தான சார் போட்டோம். அதப் போயி ஒருத்தர் உண்மைன்னு எடுத்துக்கிட்டா நாங்க என்ன செய்ய?"

துண்டு

மதுரையில் ரிட் மனு போட்டோம். முதல் நாளே உத்தரவு வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை ஒரு மருத்துவ இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். இதற்கு எங்கள் தொழிலில் மகத்தான வெற்றி என்று பெயர். உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இப்போதைக்கு யாருக்கும் கிடைக்காது என்று பொருள்.

இதை நான் மாரியப்பனுக்கு இடைக்கால நிவாரணம், சமநிலை, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று படிப்படியாக விளக்கினேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியபோது அவர் சொன்னார்:

"பஸ் வந்ததும் ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிப்பம்லா, அதான சார்? துண்டு விழுந்துட்டு. இனி ஏறணும்."

எடுக்கிறவர்

ஒரு உத்தரவில் என் பேர் சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. அடுத்த வாரமே கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் பெயர் ஷமீமா. அரசுப் பள்ளி, அதே ஒதுக்கீடு, தரவரிசையில் கோமதிக்கு அடுத்த பெயர். கோமதிக்கு மறுத்த இடம் நேராக இந்தப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும். வராமல் நான் செய்திருந்தேன்.

"இவ அத்தா சவூதியில இருந்து தினமும் போன் போடுதாங்க சார். எடம் காலியாத்தான் கெடக்காம், ஆனா குடுக்க மாட்டாங்களாம். அது என்ன நியாயம்?"

நல்ல உவமை கிடைத்தால் கட்சிக்காரரிடமிருந்தே எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த இடத்தில் ஒரு துண்டு கிடக்கிறதம்மா, போட்டதே நான்தான், உங்களுக்கு நான் ஆஜராக முடியாது என்று சொல்லி, மதுரையில் இருக்கும் ஒரு நண்பரின் நம்பரைக் கொடுத்தேன். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அப்ப சரியான ஆளத்தான் பாக்க வந்திருக்கேன். போட்டவங்களுக்குத்தான சார் எடுக்கவும் தெரியும்."

அனுதாபம்

சேர்க்கை முடிகிற நாளில்தான் வழக்கு விசாரணைக்கு வந்தது. வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் கோமதியும் ஷமீமாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

ஷமீமாவுக்கு என் மதுரை நண்பர் ஆஜரானார். அரசு வக்கீல் ஃபிளெக்ஸின் ஜெராக்ஸை நீட்டினார். அதில் ஸ்டெதஸ்கோப் கறுப்பாக, பாம்பு மாதிரி விழுந்திருந்தது. ஆறாம் வகுப்பில் சில வாரங்கள் மாட்டிய டை ஒரு தறிக்காரர் மகளைப் பணக்காரியாக்கிவிடாது என்று வாதாடினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். விதி தெளிவாக இருக்கிறது, மனுதாரர் மீது அனுதாபமும் இருக்கிறது என்றார். அனுதாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் வக்கீல்கள் நாங்கள் கேஸ் கட்டைக் கட்டத் தொடங்கிவிடுவோம். மனு தள்ளுபடி. இடம் ஷமீமாவுக்கு.

வெளியே வந்ததும் அரசு வக்கீல் என் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். என் பொண்ணும் இந்த வருஷம் எழுதியிருக்கா. எல்.கே.ஜி.யிலருந்து பிரைவேட்தான். பொதுப் பிரிவுங்கிறதால அவளுக்கு இந்த மாதிரித் தொந்தரவே இல்ல."

ராஜபாளையம் பஸ்

மதுரை பஸ் ஸ்டாண்டுக்கு மாரியப்பன் எங்களுக்கு முன்னால் நடந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ராஜபாளையம் பஸ் திரும்பியதும் எல்லோருக்கும் முன்னால் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். கோமதி ஏறி, துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பக்கம் எனக்கும் ஒரு ஜன்னலோர இடம் கிடைத்தது. கீழே நின்றபடி மாரியப்பன் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேல்முறையீடு, அடுத்த வருடம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். சேர்க்கை முடிந்த பிறகு மேல்முறையீட்டில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்த வருசம் எழுதுனாலும் அவ ஆறாங்கிளாஸ் மாறாதுல்லா சார்?"

ஆக, ஒரு இடம், இரண்டு பிள்ளைகள், மூன்று வக்கீல்கள் என்று நடந்த இந்த வழக்கில் தீர்ப்பு எப்படி வந்தாலும் மனம் கோணாமல் வீடு திரும்பக்கூடியவர்கள் வக்கீல்கள் மட்டுமே.

டிரைவர் ஹாரன் அடித்தார். கடைசியாகக் கடையநல்லூர் அம்மாவும் ஷமீமாவும் ஓடிவந்து ஏறினார்கள். அம்மாவுக்கு என் பின்னால் யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஷமீமா ஃபைலை மார்போடு அணைத்தபடி, கோமதியின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். மாரியப்பன் படியில் ஏறி, உள்ளே வர வழியில்லாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

கோமதி பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்தாள்.