ஐந்தாம் திருவிழா

எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு ஐந்தாம் நாள் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். அன்றைய செலவும் எங்களுடையது, மரியாதையும் எங்களுடையது. எங்களைப் பெற்ற ஐயா இருக்கும்வரை அவரே விரலில் தர்ப்பை போட்டு உபயகாரராக நின்றார். அவர் போனபின் யார் நிற்பது என்பதில் எனக்கும் அண்ணைக்கும் முட்டிக்கொண்டது. மூத்தவன் தான்தானே என்றார் அவர். கொழும்பில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வுக்கு வந்தவருக்கு என்ன உரிமை, படுக்கையில் கிடந்த ஐயாவுக்கு எல்லாம் பார்த்தவன் நானல்லவா என்று நான் பாய்ந்தேன். கோயில்காரர் தலையிட்டு, ஒரு வருடம் அவர், மறு வருடம் நான் என்று பிரித்துவிட்டார்கள். அன்றோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

என் முறை வந்தால் அண்ணை அன்று தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போய்விடுவார். அவர் முறையில் நான் கோயிலுக்குத் தவறாமல் போவேன், குறை பிடிக்க. மேளம் காணாது, மாலை வாடல் என்று கேணியடியில் நாலு பேரிடம் சொன்னால்தான் எனக்கு அன்று சோறு இறங்கும். இதற்குப் பெயர் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவர் முறை. கொடியேற்றத்துக்குக் கிட்ட அவர் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன். கூடப்பிறந்தவரெல்லே," என்றாள் மனைவி.

"இப்ப போனா, திருவிழாவைப் பறிக்க வந்திட்டான் எண்டு நினைப்பார். அது முடியட்டும், போறன்."

எவ்வளவு நியாயமான பேச்சு! கொடியேற முன்னமே அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் மச்சாள், அண்ணையின் மனைவி, என்னைக் கண்டதும் அழவில்லை. "உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர். தன்னாலை ஏலாது, இந்தமுறை தம்பி நிக்கட்டும், வந்தால் சொல்லுவம் எண்டவர்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருக்கலாம்.

சகோதரத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஐந்தாம் திருவிழாவை வேறு யாரோ தர்ப்பை போட்டு நடத்த, நான் வெளிவீதிக்கும் அப்பால், வேப்பமரத்தடியில் சட்டையோடு நின்றேன். மேளச்சத்தம் மட்டும் கேட்டது. நான் வன்மத்தோடு போன வருடங்களிலெல்லாம் வாசலைத் திறந்து வைத்திருந்த பிள்ளையார், அண்ணையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனை வெளியே நிறுத்திவிட்டார். இது என்ன நியாயம் என்று பிள்ளையாரை வாய்விட்டு ஏசினேன். ஏசும்போதுதான் உறைத்தது, அவரோடு நான் மனம் திறந்து கதைப்பது அதுதான் முதல் தடவை. என் முறைக்கு உள்ளே நின்ற வருடங்களில் நான் அவரைக் கும்பிடவில்லை. அண்ணை அங்கே இல்லாததைத்தான் கும்பிட்டேன். எனக்குத் துடக்கு எப்போதோ பிடித்துவிட்டது. இது தெரியவர ஓர் உயிர் போகவேண்டியிருந்தது என்றால், இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்தியேட்டி முடிந்த கிழமை கோயில்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"வாற வருசம் உங்கடை முறை."

"ஓம், தெரியும்."

"அண்ணைக்குப் பிள்ளையளும் இல்லை. இனிப் பிரச்சினையே இல்லை, எல்லா வருசமும் உங்கடை திருவிழாதான்," என்றார், நல்ல செய்தி கொண்டுவந்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு.