பாதிக் கோணமானி

போன வாரம் மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தேன். திறந்ததும் தகரப் பெயின்ட்டும் ரப்பரும் கலந்த அந்தப் பழைய வாசனை. முகப்பேரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தவள் திருமுல்லைவாயில் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். ஆறாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்ச், பக்கத்தில் அஞ்சலா.

அப்பாவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்து நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. என் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. சிரிக்காமல் நகர்ந்து இடம் விட்டவள் அவள் ஒருத்திதான். "இன்னாடி நின்னுகினே கீற, ஒக்காரு" என்றாள். அந்தப் பேச்சை வீட்டில் பேசிப் பார்த்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோணங்கள் பாடம் வந்த வாரம் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ரயில்வே கேட் பாதி ஏறி நின்றால் குறுங்கோணம், முழுசாக நிமிர்ந்தால் செங்கோணம், ஈசி சேரில் சாய்ந்த எங்கள் ஹவுஸ் ஓனர் விரிகோணம். கோணத்துக்குப் பெயர் எழுதும்போது முனையின் எழுத்து நடுவில் வரவேண்டும் என்பது அவளுக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. நான் ஒரு வாரம் மாற்றி மாற்றி எழுதினேன்.

அவளிடம் இருந்தது பாதிக் கோணமானி. அண்ணன் உடைத்தது. நடுப்புள்ளி எப்படியோ தப்பியிருந்தது, எண்கள் தொண்ணூறோடு சரி. விரிகோணம் வந்தால் அஞ்சலா ஒரு கோட்டைப் பின்பக்கம் லேசாக நீட்டுவாள். அந்தப் பக்கத்துக் குறுங்கோணத்தை அளந்து நூற்றெண்பதிலிருந்து கழிப்பாள். நீட்டிய கோட்டை அழித்துவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. என்னிடம் முழுக் கோணமானி இருந்தது. அதில் எதிரெதிராக ஓடும் இரண்டு வரிசை எண்களில் எதைப் படிப்பது என்ற குழப்பமும் இருந்தது. உங்களுக்கு அது வராமல் இருந்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி.

வகுப்புத் தேர்வில், அகலமாக விரிந்து கிடந்த ஒரு கோணத்துக்கு ஐம்பது என்று எழுதிவைத்தேன். அஞ்சலாவின் நோட்டை எட்டிப் பார்த்தேன். நூற்று முப்பது. அவசரமாக அழித்துவிட்டு நானும் அதையே போட்டேன்.

டீச்சர் வந்து இரண்டு நோட்டையும் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த உடைசலைப் பார்த்தார்.

"இதுல தொண்ணூறுக்கு மேல இல்லியே. நூத்தி முப்பது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கழிச்சேன் டீச்சர்."

"அளக்கச் சொன்னா கழிப்பியா? பாத்து எழுதிட்டுப் பொய் வேற!"

என் நோட்டில் ஐம்பதின் தடம் அப்படியே இருந்தது. அதைக் காட்டியிருந்தால் போதும், பார்த்து எழுதியது யாரென்று தெரிந்திருக்கும். நான் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "இனிமே மறைச்சு எழுது" என்று டீச்சர் எனக்குப் புத்தி சொன்னார். அவளுக்கு முட்டை போட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் ரயில்வே கேட்டில் அவளாகவே பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் நோட்டுல அம்பது அழிச்சது எனக்கும் தெரிஞ்சிச்சி. நீயே சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன்."

கேட் ஏறியது. அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. முழுப் பரீட்சை லீவில் அவர்கள் பூந்தமல்லிப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

நேற்று மகளும் ஒரு விரிகோணத்துக்கு ஐம்பது என்று எழுதிவிட்டு ரப்பரைத் தேடினாள்.

"அழிக்காதே. அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது."

"அசிங்கமா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

அவள் தூங்கப் போன பிறகு போனில் அஞ்சலா என்று தேடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடம் போய் மூன்று மாடி வந்துவிட்டது. அந்த ஜன்னலும் இல்லை, பெஞ்சும் இல்லை. போனிலோ வரிசையாக எத்தனையோ அஞ்சலாக்கள், எல்லோருக்கும் நடுவயது முகம். மன்னிப்புக் கேட்க நான் தயார். ஆனால் என் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தவளின் இன்ஷியல்கூட எனக்குத் தெரியவில்லை.