ஆன்ட்டி கொண்டுவந்த போட்டோ

இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ரிச்சர்ட்சன் நகரில், ஓர் ஆவணப்படம் பார்த்தோம். எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்தில், இந்திய ராணுவத்தோடு சேர்ந்து சொந்தச் சனத்தையே பிடித்துக்கொடுத்த ஆயுதக் குழுவைப் பற்றியது.

வாசல் மேசையில், அந்தக் காலத்தில் செத்தவர்களின் போட்டோக்களை வைக்கச் சொல்லியிருந்தார்கள். என்னோடு வந்த ஆன்ட்டி தன் மகனுடையதை வைத்தார்.

ஏற்பாட்டாளர் தயங்கினார். "சாரி ஆன்ட்டி, உங்கட மகன் அந்தக் குழுவில இருந்தவர்தானே?"

"டியூஷனுக்குப் போன பிள்ளையப் பிடிச்சுத் துவக்கைக் குடுத்தவை, தம்பி. ஒரு மாசத்தில மற்ற இயக்கம் சுட்டுப்போட்டுது."

"மற்றக் குடும்பங்கள் சண்டைக்கு வருவினம், ஆன்ட்டி."

ஆன்ட்டி போட்டோவை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார். திரும்பும்போது காரில் கேட்டார்: "அப்ப இவனை எங்க வைக்கிறது?"

தெரிந்தவர்கள் எழுதுங்கள், லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.