புத்தளம் தாண்டிப் போன கார்

என்னைப் போல எதற்கெடுத்தாலும் பதறும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஜப்பானில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பவிருந்த என் தம்பி, தன் உழைப்பையெல்லாம் போட்டு வாங்கிய காரை முதலில் கப்பலில் அனுப்பினான். அது வரும் வழியைப் போனில் பார்க்கவும் எனக்குப் பழக்கித் தந்தான்.

துறைமுகத்தில் இறங்கிய கார் லொறியில் ஏறியது. போனில் நீலப் புள்ளி ஊர்ந்து வருவதைக் கனமூலை வீட்டில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது புத்தளத்துக்கு முன்பே இருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. பாலாவியைக் கடந்தது, புத்தளத்தையும் கடந்தது.

"யா அல்லாஹ், காரைக் களவெடுத்துட்டாங்க!" என்று அலறியபடி லொறிச் சாரதியை அழைத்தேன்.

"என்ன ராத்தா, உங்கட மன்னார் விலாசத்துக்குத்தானே கொண்டு போறன்?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. லொறிக்காரர் விலாசம் கேட்டபோது நான் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களுக்குப் பதிவு இன்னும் மன்னாரில்தான்.

"திரும்பி வாங்க தம்பி, நாங்க இப்ப இருக்கிறது கனமூலையில!"

"சொந்த ஊரப் பாக்கக் காருக்குக் குடுத்து வைக்கல்ல போல," என்று சிரித்தார். கார் பத்திரமாக வந்து சேர்ந்தது.

இப்போது யார் விலாசம் கேட்டாலும், நான் நிற்கும் இடத்தைப் போனிலேயே அனுப்பிவிடுகிறேன். போன கிழமை மீன் வேண்டுமா என்று போனில் கேட்ட மீன்காரருக்கும் அனுப்பினேன்.

"ராத்தா, நான் உங்கட வாசல்லதானே நிக்கிறன்!" என்று வெளியிலிருந்து சத்தம் கேட்டது.