கம்போடு கூட நடந்தவர்

மார்புப் புற்றுநோயும் வாழ்க்கைப் பழக்கங்களும் பற்றிய ஆய்வுக்காக, கேள்வித்தாளோடு கிளினிக்கில் ஓடித்திரிந்த நாட்கள் அவை. கம்பஸில் கடைசி வருடம். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அன்று நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் செல்வியக்கா இருந்தார். மலையகத்திலிருந்து வந்து, புத்தூரில் என் பெரியம்மாவின் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்பவர். பெரியம்மாவுக்கும் இதே நோய் வந்து சுகமாகிவிட்டது. செல்வியக்காவுக்கு ஈரல்வரை பரவியிருந்தது.

'நடைப்பயிற்சி இல்லை' என்று கேட்காமலே கேள்வித்தாளில் புள்ளடி போட்டேன்.

"பெரியம்மா ஒவ்வொரு நாளும் நடந்தவ. அதாலைதான் தப்பினவ. நீங்களும் உடம்பைக் கவனிச்சிருக்கலாம் அக்கா."

அவர் சிரித்தார். "அவங்களுக்கு நாய்னா பயம், தங்கச்சி. கம்போட கூட நடந்தது நான்தானே. அவங்க குடிச்ச குரக்கன் கஞ்சியத்தான் நானும் குடிச்சேன்."

"பிறகேன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?"

"கட்டி இருக்குன்னு அப்பவே சொன்னேன். தோட்டத்துல வெங்காயம் கிண்டி எடுத்து முடியட்டும்னு அவங்க சொன்னாங்க. நீங்களும் குசினியில அடுப்புப் பக்கம்தான் நின்னீங்க. சூட்டுக் கட்டியா இருக்கும்னு சொன்னதே நீங்கதான். அவங்களுக்குக் கட்டி வந்தப்போ மறுநாளே வேன் பிடிச்சீங்க."

எனக்கு அது ஞாபகமே இருக்கவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என்ரை குரல்தான்.

வைகாசியில் செல்வியக்கா இறந்துபோனார். பெரியம்மா இன்றும் காலையில் நடக்கிறார். கம்பைப் பிடிப்பது செல்வியக்காவின் தங்கை. அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, வெங்காயக் கிண்டு முடியட்டும்," என்றார்.

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.