நாற்பதைத் தாண்டாத வண்டி

எங்கள் வண்டி நாற்பதுக்கு மேல் போகாது என்று அப்பா சொல்லியிருந்தார். நான்காம் வகுப்பு வரை அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

அது நூறு சிசி மோட்டார் சைக்கிள், பழசாக வாங்கியது. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வேறொரு கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பர்பாளையத்திலிருந்து பல்லடத்தில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்குக் கிளம்புவோம். டேங்க் மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் அம்மா. ஊர் முடிந்து நேர் ரோடு வந்ததும் எனக்கு அவமானம் தொடங்கிவிடும். பஸ்கள் முந்தும். லாரிகள் முந்தும். கோழி ஏற்றிய வேன்கள் முந்தும்போது இறகு வந்து முகத்தில் ஒட்டும். ஒருமுறை, மனைவியையும் ஒரு மூட்டைத் தவிட்டையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களை முந்தினார். முந்தியதோடு விடாமல், திரும்பிப் பார்த்து, "வண்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நீங்க போங்க" என்றார் அப்பா, மலர்ந்த முகத்தோடு.

"வேகமாப் போங்கப்பா" என்று நான் டேங்க்கைத் தட்டினேன்.

"சின்ன என்ஜின் அம்முணி. மெயின் ரோட்டுல முறுக்குனா பிடிச்சுக்கும். அப்பறம் பல்லடம் வரைக்கும் தள்ளிட்டுத்தான் போகோணும்."

அந்த வருடம் பல்லடத்தில் நடந்த ஓட்டப்பந்தயத்துக்கு எங்கள் பள்ளியில் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறாவதாக என் பெயரும் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் டீச்சர் எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்று பார்த்து நான் தலைப்பின்னல் சரியில்லை என்று மூன்று தடவை அவிழ்த்துப் பின்னச் சொன்னேன். அம்மாவும் நானும் ஸ்டாப்புக்கு ஓடியபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே டீச்சரின் கை மட்டும் தெரிந்தது.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவைக் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் பந்தயம் முடிந்திருக்கும். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்கு இழுத்துப் போனாள். உள்ளே போய் வண்டிச் சாவியோடு வந்தாள்.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அப்பா அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் மெயின் ரோட்டில் அவள் ஓட்டியதே இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பின்னால ஏறு. இறுக்கிப் புடிச்சுக்கோ கண்ணு" என்றாள்.

திருப்பூருக்குள் இரண்டு தடவை வண்டி அணைந்தது. இரண்டு தடவையும் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பல்லடம் ரோடு வந்ததும் அம்மா தோளைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள். அவள் கைக்கு அடியில் தலையை நுழைத்து முள்ளைப் பார்த்தேன். நாற்பது. கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் பிடித்துக்கொள்ளவில்லை. திறந்தபோது ஐம்பத்தைந்து. அப்புறம் அறுபது. என் பின்னல் அவிழ்ந்து முகமெல்லாம் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

எழுபதைத் தொட்டபோது எங்களுக்கு முன்னால் அந்தப் பஸ். அம்மா பீப் என்று ஒரு ஹாரன் கொடுத்து வலப்பக்கம் ஏறினாள். ஐந்து பெண்களும் ஜன்னலுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். ஓட்டுநர் எங்களைப் பார்த்து, பஸ் ஹாரனை நீளமாக அடித்து வழிவிட்டார்.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அது பாத்திரப் பட்டறைகள் நிறைந்த எங்கள் தெருவிலேயே செய்தது என்று அடியில் அடித்திருந்த முத்திரை சொன்னது.

வரும் வழியில் அம்மா, "எத்தனைல போனோம்னு அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றாள். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே, "அப்பா, நம்ம வண்டி எழுபது போகுதுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டம்ளரைப் பார்த்தாள்.

"என்ஜின் பிடிச்சுக்கலியா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா மெதுவாக. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா சாவியை அம்மாவிடமே நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி எந்தப் பஸ்ஸும் எங்களை முந்தப் போவதில்லை. ஆனால் பல்லடம் ரோட்டில் ஏறியும் முள் முப்பதிலேயே நின்றது.

"எழுபது போம்மா!"

அம்மாவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அப்பா பின்னாலிருந்து அவள் தோள்மேல் குனிந்து, கழுத்து வெட்டாமலே ஒரு கட்டுப் பனியனைத் தைக்க அனுப்பிவிட்ட புது ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். தலை நுழைய வழியில்லாத பனியன்களை நினைத்து அம்மா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. எங்களை ஒரு கோழி வேன் முந்திப் போனது.

அப்பா கனம், அதனால்தான் வண்டி இழுக்கவில்லை என்று பல்லடத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். ஒருவர் ஷிப்ட் முடித்து வரும்போது மற்றவர் கிளம்பிவிடும் வீட்டில், அந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள இருந்தது இந்த ரோடு ஒன்றுதான் என்றும், வண்டி வேகம் எடுத்தால் காற்றில் பேச்சுக் கேட்காது என்றும் எனக்கு அப்போது தெரியாது.