அண்ணனுக்குப் பந்து கிடைத்த நாள்

பலாபத்வலையிலிருந்து மாத்தளை வரைக்கும் என் அண்ணனைவிட வேகமாகப் போகக்கூடியது தம்புள்ளை பஸ் மட்டும்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸாவது இடையில் நின்று ஆள் ஏற்றும், அண்ணன் நிற்கமாட்டான். மாத்தளையில் அவன் படித்த கல்லூரியின் றகர் என்கிற ரக்பி அணியில் அவனை ஓரத்து ஓட்டக்காரனாகப் போட்டிருந்தார்கள். பந்தோடு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டி, அதைத் தரையில் வைப்பது அவன் வேலை. அதற்கு ட்ரை என்று பெயர். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் அவன் ஒரு ட்ரைகூட வைக்கவில்லை. பந்தை அவனிடம் யாரும் கொடுத்தால்தானே?

கொடுக்கவேண்டாம் என்று சொன்னவர் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க், பின்னேரத்தில் கல்லூரி அணிக்குக் கோச். அவருடைய திட்டம் எனக்கே மனப்பாடம். பந்து கிடைத்தால் முன்வரிசைத் தடியர்கள் எட்டுப் பேரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியடியாக முன்னே தள்ளவேண்டும். தள்ள முடியாவிட்டால் தூர உதைத்துவிட வேண்டும். எதிரணி பிழை செய்தால் பெனால்டியைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளியைப் பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓரத்துக்குப் பந்தை எறிவது மட்டும் கூடவே கூடாது.

கல்லூரியின் சிங்களப் பையன்கள் அவருக்கு 'இப்பா' என்று பெயர் வைத்தார்கள். ஆமை என்று அர்த்தம். மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாண வீதியில் ராணுவ லொறிகள் எங்கள் வாசலைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. பெரியவர்கள் ரேடியோச் செய்தியைச் சத்தம் குறைத்துக் கேட்பார்கள். றகரைப் பற்றி மட்டும்தான் எங்கள் வீட்டில் உரக்கச் சண்டை போடலாம். அந்த உரிமையை எல்லாரும் ஒருநாள்கூடத் தவறாமல் பயன்படுத்தினார்கள்.

"பந்த அவன் கையில குடுத்தா தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் அம்மா சோற்றுச் சட்டியோடு நின்று கேட்டார்.

"தேயாதுக்கா. தொலஞ்சிரும்" என்றார் மாமா.

அன்றிலிருந்து அண்ணன் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "பருப்புக் கறிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று என்னிடம் சொல்வான். நான் மாமாவிடம் சொல்வேன். மாமா தள்ளுவார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

வருஷத்தின் கடைசி ஆட்டம் கண்டியிலிருந்து வரும் பெரிய கல்லூரியோடு. அதற்கு முந்திய நாள் அப்பா டவுனிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். பழைய மாணவர்கள் கல்லூரி அதிபரைப் போய்ப் பார்த்திருக்கிறார்களாம். "நாளைக்குத் தோத்தா கோச்ச மாத்திருவாங்களாம். இந்த ஆம வெளயாட்டப் பாக்க ஆளே வர்றதில்லன்னு சொன்னாங்களாம்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். மாமா அப்போது வீட்டில் இல்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மூலையில் சப்பாத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புதுக் கோச் வந்தால் அண்ணனுக்குப் பந்து கிடைக்கும் என்பதுதான் எனக்கு உடனே தோன்றியது.

மறுநாள் ஆமை விளையாட்டைப் பார்க்க மைதானம் கொள்ளாத ஆள். கண்டிப் பையன்கள் பந்தைக் கைக்குக் கை எறிந்து, பார்க்க அவ்வளவு அழகாக விளையாடினார்கள். இரண்டு ட்ரை வைத்து எட்டுப் புள்ளி எடுத்தார்கள். எங்கள் தடியர்கள் சேற்றில் குவிந்து குவிந்து எழுந்து, மூன்று பெனால்டி உதைத்து ஒன்பது எடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களே கேலியாகக் கூவினார்கள். அம்மா தம்பிக்காக ஒரு பிள்ளையாரையும் மகனுக்காக இன்னொரு பிள்ளையாரையும் வேண்டிக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்துவிட்டது, இனிப் பந்து கோட்டுக்கு வெளியே போனாலே விசில் என்று அப்பா சொன்ன அந்தக் கணத்தில், கண்டி அணி எறிந்த பந்து ஒரு பையனின் விரலில் பட்டுத் துள்ளி அண்ணனின் நெஞ்சில் வந்து விழுந்தது. வருஷம் முழுவதும் சொந்த அணி கொடுக்காத பந்தை எதிரணி கொடுத்துவிட்டது! அவன் முன்னால் பச்சைப் புல்லாக மைதானம் விரிந்து கிடந்தது. நடுவே ஒரே ஒரு பையன்தான் நின்றான்.

மைதானமே எழுந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதையும் மீறி ஒரு குரல் கேட்டது. சின்ன மாமா குடையை வீசி எறிந்துவிட்டு, கோட்டுக்கு வெளியே அண்ணனுக்குச் சமமாகத் தானும் ஓடிக்கொண்டே அலறினார்:

"ஓடுடா! ஓடு! வேற ஒண்ணும் யோசிக்காத, ஓடு!"

அண்ணன் நாலு எட்டு ஓடினான். பிறகு மாமாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, ஓங்கி ஒரு உதை. அது வேலியையும் தாண்டி, வீதியோரம் நின்ற அன்னாசி வண்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. விசில் ஊதினார்கள். ஒன்பதுக்கு எட்டு.

பிறகு கூவிய ஆட்களே மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு "இப்பா! இப்பா!" என்று மைதானத்தைச் சுற்றினார்கள். பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாமாவுக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை. தோளிலிருந்து இறங்கியதுமே அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஓடுன்னுதானே சொன்னேன்? முன்னால ஒருத்தன்தானே இருந்தான்! ஏன்டா ஓடல?"

"அவன் புடிச்சிருந்தா மாமா?" என்றான் அண்ணன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் மாமாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. மாமா, வழியில் வரும் அலுவிகாரையைத் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டும்போதே அவன் சேற்றுத் தலையைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அப்பா டிக்கட்டுக் கொடுத்த கண்டக்டருக்கு ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து விவரித்தார்.

நான் மட்டும் யாரோடும் சேரவில்லை. அண்ணனைப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி" என்றேன். அவன் அதற்கும் சிரித்தான். வருஷம் முழுக்க ஏங்கியது கையில் வந்து விழுந்தபோது அதைத் தூக்கி வெளியே உதைத்துவிட்டு ஒருவன் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும்? வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறான் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.